மருந்தும் மருந்தும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பிற ஊரார் வெடிமருந்து என்று முழுதாகச் சொல்வதை இவ்வட்டாரத்தார் மருந்து என்றே முடித்துக்கொள்கின்றனர்; மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது, மருந்து அறை, மணி மருந்து என்று பட்டாசு ஆலையின் அன்றாடப் பேச்சு முழுவதும் அச்சொல்லைச் சுற்றியே நடக்கிறது. ஆலையில் ஒரு மருந்தைக் கையாளும் பெண் மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறொரு மருந்தை வாங்கிச் செல்கிறார். முதல் மருந்தைக் கண்காணிக்கும் துறைகள் வேறு, சட்டங்கள் வேறு, பதிவேடுகள் வேறு. இரண்டாவது மருந்தை வழங்கும் துறை வேறு. இரண்டும் சென்று சேரும் உடல் மட்டுமே ஒன்று. அந்த உடலின் நலனுக்கு எந்தத் துறை முழுப்பொறுப்பு என்ற கேள்வியில்தான் நலவாழ்வுச் சமநீதி என்று பொதுச் சுகாதார அறிவியல் வழங்கும் கருத்தின் உண்மையான சோதனை அடங்கியிருக்கிறது.

சமத்துவமும் சமநீதியும் ஒன்றல்ல. எல்லோருக்கும் ஒரே தொலைவில் மருத்துவமனை, ஒரே மாத்திரை, ஒரே தடுப்பூசி என்பது சமத்துவம். பிரித்தானிய ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் 1990-களின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்த விளக்கத்தின்படி, மக்கட்பிரிவுகளிடையே காணப்படும் உடல்நல வேறுபாடுகளில் தேவையற்றவையாகவும் தவிர்க்கக் கூடியவையாகவும் நியாயமற்றவையாகவும் இருப்பவற்றைக் களைவதே சமநீதி. முதியவருக்கு இளைஞரைவிட நோய் அதிகம் என்பதில் நியாயக்கேடு ஏதுமில்லை. அதே வயதில், அதே ஊரில், கூலிக்கு மருந்து செலுத்துபவருக்கு மட்டும் தீயில் கருகும் வாய்ப்பு பன்மடங்கு கூடுதல் என்பதில் அது உண்டு. மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை, மனிதர் பிறந்து வளர்ந்து உழைத்து முதுமையடையும் சூழல்களே இத்தகைய வேறுபாடுகளை உண்டாக்குகின்றன என்று நிறுவியது. இந்நான்கில் பிறப்பைத் தமிழகச் சுகாதாரத் துறை மிகத் திறமையாகக் கையாள்கிறது. உழைப்பின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

அது ஏன் என்பதை அறிய நிலத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான விருதுநகர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்த வறண்ட கரிசல் நிலம். வேளாண்மையை வாட்டிய அதே வறட்சி, ஈரம் ஆகாத தொழில்களான தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் பட்டாசுக்கும் வாய்ப்பாக அமைந்தது. 1922-இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதும், அடுத்த ஆண்டே இங்கு உற்பத்தி தொடங்கியதும் ஊரறிந்த வரலாறு. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீக்குச்சி செய்தோரின் தாடை எலும்பை அழுகச் செய்த வெண்பாஸ்பரசை 1906-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை விலக்கியது. இந்தியாவிலும் 1913-இல் தனிச்சட்டம் இயற்றி அதைத் தடை செய்தனர். ஆகவே சிவகாசியில் முதல் தீக்குச்சி உருவாவதற்குப் பத்தாண்டுகள் முன்பே அத்தொழிலின் மிகக் கொடிய நோய் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. லண்டனில் தாடையிழந்த பெண்களின் துன்பம், பிறந்திராத ஒரு தொழிலின் பெண்களைக் காத்தது. தொழில்சார் நலத்தில் சட்டம் நோயை முந்திச் சென்ற இத்தகைய தருணங்கள் அரியவை. இந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு அப்படியொன்று வாய்த்ததாகச் சொல்ல இயலாது.

இன்று நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் இவ்வட்டாரத்திலிருந்து செல்வதாக மதிப்பிடப்படுகிறது. இத்தகைய இடத்தில் பணியாற்றும் சுகாதாரத் துறையோ எளிய துறை அன்று. பிற மாநிலங்கள் பலவற்றில் மருத்துவமனை நடத்துவதும் நோய்த்தடுப்பும் ஒரே நிர்வாகத்தில் கலந்துகிடக்க, தமிழகம் நோய்த்தடுப்புக்கெனப் பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்ககத்தைத் தனியாகப் பேணி வருகிறது. 2022-இல் அது நூற்றாண்டு கண்டது. நாட்டிலேயே முதன்முறையாகப் பொதுச் சுகாதாரத்துக்கென இயற்றப்பட்ட 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதன் கையில் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் விருதுநகர் ஒரே மாவட்டமாயினும், இத்துறையின் கணக்கில் அது விருதுநகர், சிவகாசி என்னும் இரண்டு சுகாதார மாவட்டங்கள். பட்டாசு வட்டாரத்துக்கெனத் தனி அலுவலகம் வாய்த்திருப்பது சிறிய வசதி அன்று.

இத்துறையின் வலிமை கட்டடங்களில் இல்லை, எண்ணுவதில் இருக்கிறது. ஒரு பெண் கருவுற்ற செய்தி கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிந்த உடனே அவர் பெயர் பதிவாகி, 12 இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் தொடர்ந்து வருகிறது. அதனினும் முக்கியமானது பேறுகால மரணத் தணிக்கை. மாநிலத்தில் எங்கேனும் ஒரு தாய் கர்ப்பத்திலோ மகப்பேற்றிலோ இறந்தால், அச்செய்தி 24 மணி நேரத்துக்குள் மேலே செல்ல வேண்டும்; குடும்பத்தாரிடம் நேரில் விசாரிக்க வேண்டும்; வண்டி வரத் தாமதமாயிற்றா, இரத்தம் கிடைக்கவில்லையா, அபாய அறிகுறியை யாரும் அறியவில்லையா என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதிக்க வேண்டும்; இறுதியில் ஆட்சியர் முன்னிலையில் அது விவாதிக்கப்பட வேண்டும். யாரைத் தண்டிப்பது என்பதைக் காட்டிலும் அடுத்த தாயைக் காப்பது எப்படி என்பதே அங்கு எழுப்பப்பட வேண்டிய கேள்வி. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்னும் விகிதம் தமிழகத்தில் 2001-03 காலத்தில் 134 ஆக இருந்து 2018-20 காலத்தில் 54 ஆகக் குறைந்தது. பின்னைய காலத்தில் இந்திய சராசரி 97. இந்த இறக்கத்துக்கு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் மகப்பேறு நிதியுதவியும் 108 ஊர்தியும் எனக் காரணங்கள் பல உண்டெனினும், எந்த மரணமும் கணக்கிலிருந்து தப்பக் கூடாது என்ற பிடிவாதம் அவற்றுள் தலையாயது.

அதே தாய் மகப்பேறு முடிந்து, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆலை வண்டியில் ஏறும் நாளில், இந்தத் துறையின் பார்வையிலிருந்து பெருமளவு விலகிவிடுகிறார். இது எந்த அதிகாரியின் கவனக்குறைவும் அன்று, அரசமைப்பிலேயே எழுதப்பட்ட பாகப்பிரிவினை. ஏழாம் அட்டவணையில் வெடிபொருள் ஒன்றியப் பட்டியலில் உள்ளது. தொழிலாளர் நலமும் தொழிற்சாலைகளும் பொதுப் பட்டியலில் உள்ளன. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆகவே ஆலைக்கு உரிமம் தருவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. ஆலைக்குள் பாதுகாப்பைப் பார்ப்பது மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தொழிலாளிக்குச் சிகிச்சை தருவது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம், அதாவது இ.எஸ்.ஐ. சிறிய அளவு உற்பத்திக்கு மாவட்ட வருவாய் அலுவலர் தரும் உரிமமும் உண்டு. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று ஆலைகளை ஊரார் வகைப்படுத்துவதிலேயே இந்தப் பாகப்பிரிவினை தெரிகிறது. சுகாதார அலுவலரின் பெயரால் ஒரு லைசென்ஸ் வழங்குவதில்லை.

இந்த ஏற்பாடு முறையாக நடந்தாலும் இடைவெளிகள் இருக்கும். அது பல வேளைகளில் முறையாக நடப்பதும் இல்லை. உரிமம் பெற்றவர் ஆலையின் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்குப் பிரித்துக் கொடுப்பதும், குத்தகை எடுத்தவர் அளவுக்கு மீறி ஆட்களை அமர்த்துவதும் இத்தொழிலின் பழைய நோய். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் உயிரிழந்த விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தபோது, முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் அமைந்த குழுவின் முன் இந்த உள்குத்தகைச் சிக்கலும் வந்தது. உள்குத்தகை அறையில் வேலை செய்பவரின் பெயர் எந்த நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருக்கும்? பெயர் இல்லாதவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டிலேயே திருட்டுத்தனமாகப் பட்டாசு சுற்றுவோருக்கோ ஆலையே இல்லை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கெனத் தனி நலவாரியம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் புறம்பான வேலை செய்பவர் தம் வேலையைச் சொல்லி உறுப்பினராவது எப்படி? ஆபத்து எங்கே மிக அதிகமோ அங்கே பதிவு மிகக் குறைவு என்னும் இந்தத் தலைகீழ் விகிதம்தான் சமநீதியின் முதல் எதிரி.

ஆபத்தின் அறிவியலைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். நாளிதழ்களில் ஒவ்வொரு விபத்தின்போதும் ‘உராய்வு காரணமாக’ என்ற சொற்றொடர் வருகிறது. உராய்வு உண்மைதான், ஆயினும் அதுவே முழுக்காரணம் ஆவதில்லை. அலுமினியத்தூளும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் இரண்டும் மெல்ல வினைபுரியத் தொடங்குகின்றன. அப்போது வெப்பமும் அம்மோனியாவும் உண்டாகின்றன. அம்மோனியா கலவையைக் காரத்தன்மை உடையதாக்குகிறது. காரத்தன்மை வினையை இன்னும் விரைவுபடுத்துகிறது. அதனால்தான் கலவையில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் வந்தது. அதனால்தான் அன்று கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. மீந்த மருந்து மறுநாள் காலையில் தானே சூடேறியிருக்கக் கூடும். அதன்மேல் ஒரு சிறு உராய்வு பட்டால் போதும். மருந்து மீந்தது ஏன், பீஸ் கணக்கில் கூலி பெறுபவர் வேகமாக அடைத்தது ஏன், நால்வர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள் இருந்தது ஏன் என்ற கேள்விகள் வேதியியலிலிருந்து பொருளியலுக்குச் செல்கின்றன. உராய்வு என்ற ஒற்றைச் சொல் அவற்றையெல்லாம் மூடிவிடுகிறது.

தீக்காயத்தை மருத்துவர்கள் உடற்பரப்பின் சதவீதத்தால் அளக்கின்றனர். நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு சதவீதம். பெரிய தீக்காயத்தில் முதல் நாளில் கொல்வது நீர் இழப்பு. தோல் என்னும் வேலி போனதால் உடலின் நீரும் உப்பும் கசிந்து வெளியேற, இரத்த ஓட்டம் தளர்கிறது. அதைத் தாண்டினால் அடுத்த வாரங்களில் கொல்வது கிருமித்தொற்று. எனவே முதல் சில மணி நேரத்தின் சிகிச்சை வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. மிகக் கடுமையான காயங்கள் நெடுங்காலமாக மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கே அனுப்பப்பட்டு வந்தன. அந்தப் பயணம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது இவ்வகையில் மெய்யான முன்னேற்றம். ஆனால் சமநீதியின் கணக்கு சிகிச்சையோடு முடிவதில்லை. உயிர் பிழைத்தவரின் புண் ஆறும்போது தோல் சுருங்கி விரல்கள் மடங்கிப் போகின்றன, கழுத்து மார்போடு இழுபடுகிறது. மாதக்கணக்கில் இயன்முறைச் சிகிச்சை தேவைப்படுகிறது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டும் ஊரில் விரல் மடங்காதிருப்பதுதான் பிழைப்பு. விபத்துச் செய்தியின் கடைசி வரியில் ‘காயமடைந்தோர்’ என்று வரும் எண், அடுத்த ஆண்டில் எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினர் என்ற எண்ணாக எங்கும் தொடர்வதில்லை.

வெடிக்காமலே உடலுக்குள் புகும் மருந்தின் கதை இன்னும் மங்கலானது. நுண்ணிய அலுமினியத்தூளைப் பல்லாண்டுகள் சுவாசித்தோரின் நுரையீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் என்பது ஜெர்மனியில் அலுமினியத்தூள் ஆலைத் தொழிலாளர்களிடம் 1930-40 ஆண்டுகளிலேயே கண்டறியப்பட்டது. பச்சை ஒளிக்குப் பயன்படும் பேரியம் நைட்ரேட் கரையும் உப்பு. உடலுக்குள் போதிய அளவு சென்றால் இரத்தத்தின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளி, தசைகளைத் தளர்த்தி, இதயத் துடிப்பைக் குலைக்கும். இந்தப் பேரியத்தைத் தடை செய்த வழக்கு கவனிக்கத் தக்கது. 2015-இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. 2021 அக்டோபரில் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. குழந்தைகளின் நுரையீரலுக்காக நீதிமன்றம் எழுந்தது நியாயமே. ஆனால் ஆண்டில் சில நாள் அப்புகையைச் சுவாசித்தவர்களின் பெயரால் வந்த தடை, ஆண்டு முழுவதும் அந்த உப்பை வெறுங்கையால் அள்ளியவர்களின் பெயரால் அதற்கு முன் வரவில்லை. தடையை அடுத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது கூலி இழந்தவர்களும் அவர்களே. ஒரே நச்சுப்பொருள் தலைநகரில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகவும் கரிசலில் வேலைவாய்ப்புப் பிரச்சினையாகவும் பார்க்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தொழிலால் வரும் நோயை அறிவிக்கச் சட்டத்தில் வழி உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோய்களைப் பட்டியலிட்டது. அவற்றைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதே ஏற்பாட்டைத் தொடர்கிறது. பட்டியலில் ஈயமும் பாதரசமும் உண்டு, வேதிப்பொருளால் வரும் தோல் அழற்சியும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் உண்டு. பேரியமும் அலுமினியமும் இல்லை. மருத்துவரின் கடிதம் மாவட்டச் சுகாதார அலுவலருக்குச் செல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. டெங்கு வந்தால் தெருவுக்கு ஆள் அனுப்பும் அலுவலருக்கு, அதே தெருவில் பத்துப் பெண்களுக்கு ஒரே வகை மூச்சிரைப்பு இருப்பதைச் சொல்ல எந்தக் காகிதமும் வருவதில்லை.

விருதுநகர் 2018 முதல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. தமிழகத்தில் அந்தப் பட்டியலில் இடம்பெற்ற மற்றொன்று இராமநாதபுரம். அத்திட்டத்தின் 49 குறியீடுகளில் மகப்பேறு, குழந்தை எடை, தடுப்பூசி, காசநோய் முதலியன வருகின்றன. தொழில்சார் காயம் வரவில்லை. மாநிலத்தின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் வீடுவீடாகச் சென்றபோது பகலில் வேலைக்குச் சென்றவர்கள் விடுபட, 2024-இன் தொடக்கத்தில் அது தொழிற்கூடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது; எனினும் அங்கும் முதலில் பார்ப்பது இரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தனியார் மருத்துவமனையிலும் தரும் திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. ஆலை வெடித்துக் காயமுற்றவருக்கு அவ்வாறு பெயர் சூட்டிய திட்டம் இல்லை. 2024 நவம்பரில், விபத்தில் உயிரிழந்தோரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை அரசு செலவேற்கும் என்ற அறிவிப்பு விருதுநகரில் வெளியானது. அது கருணை மிக்க முடிவு. ஆனால் பிணவறைக்குப் பிறகே தொடங்குவது.

பிற மாநிலங்கள் எதுவுமே செய்யவில்லை என்று கொள்ள வேண்டியதில்லை. சிலிக்கா தூசியால் சுரங்கத் தொழிலாளர்க்கு வரும் நுரையீரல் நோய்க்கென இராசத்தான் 2019-இல் கொள்கை வகுத்து, மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்றையும் நிவாரணத்தையும் ஒரே கோட்டில் இணைத்தது. அங்கு உழைப்பாளியின் நோய் சுகாதாரத் துறையின் கணக்குக்குள் நுழைந்தது. தமிழகத்துக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய தேவையும் இல்லை. பேறுகால மரணத் தணிக்கை என்னும் முன்மாதிரி சொந்த வீட்டிலேயே இருக்கிறது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் இறந்த பட்டாசு ஆலை விபத்தில், முதல் வெடிப்பின் புகையைக் கண்டு வேடிக்கை பார்க்கவும் உதவவும் ஓடி வந்தவர்கள் பலர் இரண்டாம் பெருவெடிப்பில் சிக்கினர். பேறுகால மரணத் தணிக்கையின் கேள்விகளை அங்கே கேட்டிருந்தால், புகை தெரிந்தால் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பது சுற்றியுள்ள எல்லாக் கிராமங்களிலும் சுகாதாரச் செவிலியர் சொல்லித்தரும் பாடமாகியிருக்கும். விபத்து நடந்த உடனே எழுதப்படுவதோ காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை. அதில் உரிமையாளர் பெயரும் போர்மேன் பெயரும் வரும், கைது நடக்கும், நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். குற்றவாளியைத் தேடும் விசாரணை அவசியம். ஆனால் அது காரணங்களின் சங்கிலியைத் தேடுவதற்கு ஏற்பட்டதன்று. 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 பிப்ரவரியில் குண்டாயிருப்பு, அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று விபத்து நடந்த ஊர்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்க, உராய்வு என்ற சொல் மட்டும் மாறாதிருப்பதன் பொருள் இதுவே.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் தொழில்நோய்கள் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன வேலை செய்கிறீர்’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். சிவகாசி சுகாதார மாவட்டத்தின் ஒவ்வொரு புறநோயாளியிடமும் அதைக் கேட்டு எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு பேனாக்கோடு போதும். ஆலை மரணம் ஒவ்வொன்றையும், உடல் உறுப்பு முடங்கிய காயம் ஒவ்வொன்றையும் ஆட்சியர் முன்னிலையில் சுகாதார அலுவலர், தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி, வெடிபொருள் அதிகாரி, இ.எஸ்.ஐ. மருத்துவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து தணிக்கை செய்வதற்கும் நாடாளுமன்றத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பேறுகால மரணத் தணிக்கை தமிழகத்தில் சட்டத்தால் வந்ததன்று, அரசாணையால் வந்தது.